ஸ்டூடியோ கண்ணாடியும் பெயர் பெற்ற நாற்காலிகளும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணாடிக் கலைப்பொருள்களையும் சென்ற நூற்றாண்டின் மரச்சாமான்களையும் சேர்த்து வருகிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். அப்புறம், "இதெல்லாம் எங்கே கிடைத்தது அம்மா?" என்கிறார்கள். ஏற்காட்டில் தாத்தா காலத்து பங்களாவைக் காலி செய்யும் குடும்பத்தினர் வருகிறார்கள். வெளிநாட்டில் வேலை முடித்துத் திரும்பியவர்கள் பெட்டியோடு வருகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

ஸ்டூடியோ கண்ணாடி என்றால் என்ன?

கண்ணாடி ஊதுவது நெடுங்காலம் தொழிற்சாலை வேலையாகவே இருந்தது. உலை அணையக் கூடாது. அதைச் சுற்றி ஒரு குழுவே நின்று வேலை பார்க்கும். காகிதத்தில் வடிவம் வரைகிறவர் ஒருவர், குழலை வாயில் வைத்து ஊதுகிறவர் இன்னொருவர். ஒரு கலைஞர் தன் பட்டறையில் தானே உருக்கி, தானே ஊதி, தானே முடிக்கலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது 1962-இல். அமெரிக்காவில் டொலிடோ நகர அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலைப் பேராசிரியர் சிறிய உலை ஒன்றை அமைத்துப் பயிலரங்கு நடத்தினார். முதலில் போட்ட கலவை ஊதுவதற்குச் சரிப்படவில்லை. டொமினிக் லபினோ என்ற கண்ணாடித் தொழில் வல்லுநர், கண்ணாடி இழை தயாரிப்பதற்காக வார்க்கப்படும் கோலிக்குண்டுகளை உலையில் போடச் சொன்னார். அவை எளிதில் இளகி ஊதுவதற்கு வாகாக வந்தன. இந்த இயக்கத்தின் தொடக்கம் அந்தக் கோலிக்குண்டுகள்தான் என்று சொன்னால் எங்கள் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கண்ணை அகல விரிக்கிறார்கள்.

லிட்டில்டனிடம் படித்த டேல் சிஹுலி, 1971-இல் சியாட்டில் நகருக்கு வடக்கே பில்சக் என்ற கண்ணாடிப் பள்ளியை நண்பர்களோடு தொடங்கினார். 1979-இல் அங்கே கற்பிக்க வந்தவர் லினோ தாலியாபியத்ரா. இவர் வெனிஸ் நகருக்கு எதிரே உள்ள முரானோ தீவில் பிறந்தவர். 1291-இல் வெனிஸ் அரசு தீ விபத்துக்கு அஞ்சி உலைகளையெல்லாம் அந்தத் தீவுக்கு மாற்றியது. அதன் பிறகு பல நூறு ஆண்டுகள் அங்குள்ள குடும்பங்கள் தொழில் நுணுக்கத்தை வெளியாருக்குச் சொல்லாமல் காத்து வந்தன. அந்தத் தீவிலிருந்து ஒருவர் கடல் கடந்து வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கறாராகப் பார்த்தால் கலைஞர் தன் பட்டறையில் செய்ததே ஸ்டூடியோ கண்ணாடி. ஆனால் ஏலப் பட்டியல்களில் முரானோவின் வெனினி, பின்லாந்தின் ஈத்தலா போன்ற தொழிற்சாலைகளில் பெரிய கலைஞர்களின் வடிவமைப்பில் உருவானவையும் அதே தலைப்பின் கீழ் வரும். 1936-இல் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ வடிவமைத்த, ஏரிக்கரை போல் வளைந்து வளைந்து போகும் பூச்சாடியை எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்றும் தயாராகிறது. கடையில் புதிதாகவே வாங்கலாம். பழையதற்கும் புதியதற்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. கையில் இருப்பது எந்த வகை, எந்தக் காலம் என்பது தெரியாமல் விலை பேச உட்காரவே கூடாது.

சேலத்தில் இவையெல்லாம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் தேடுகிற இடம் வேறு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய சாமான் விற்கிறவர்களிடம் பெரும்பாலும் பூட்டு, பித்தளை அண்டா, தேக்குத் தூண்தான். கண்ணாடி எனக்குக் கிடைத்ததெல்லாம் வீடுகளில். ஐம்பது, அறுபதுகளில் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்வந்த மருத்துவர்கள், பொறியாளர்கள் வீட்டு ஷோகேஸ்களில் செக்கோஸ்லோவாக்கியா, சுவீடன், பின்லாந்து நாட்டுப் பொருள்கள் இன்னும் நிற்கின்றன. அந்தக் காலத்தில் பெட்டியில் பாதுகாத்துக் கொண்டுவந்த ஒற்றைப் பரிசுப்பொருள் அது. பேரப்பிள்ளைகளுக்கு அது வெறும் பூச்சாடி.

மரச்சாமானுக்கு மலைதான் ஊற்று. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது. தொடர்ந்து தோட்டங்கள், பங்களாக்கள், உறைவிடப் பள்ளிகள். ஒவ்வொரு பங்களாவிலும் நீண்ட கைப்பிடியுள்ள சாய்வு நாற்காலி, ஈட்டி மர அலமாரி, பிரம்பு பின்னிய சோபா என்று சேர்ந்தன. தோட்டம் கை மாறும்போதெல்லாம் இவையும் கை மாறின. இப்போது பங்களாக்கள் விடுதிகளாக மாறும் வேகத்தில் ஒரே நாளில் லாரியில் ஏறி இறங்கிவிடுகின்றன.

எங்கள் தாத்தாவின் ஈசி சேர் வடிவமைப்பாளர் நாற்காலிதானா?

பெயர் தெரிந்த ஒருவர் வடிவமைத்து, அதற்குச் சான்றும் இருந்தால்தான் சந்தை அப்படி அழைக்கும். தோட்ட பங்களாக்களின் சாய்வு நாற்காலிக்கு வடிவமைப்பாளர் பெயர் கிடையாது. நம் ஆசாரிமார்கள் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கிச் செதுக்கிச் சரிசெய்த உருவம் அது. விலை குறைவு என்பதால் மதிப்புக் குறைவு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. என் கூடத்தில் முதல் இடம் அதற்குத்தான்.

பழைய காப்பி ஹோட்டல்களில் இருந்த வளைந்த முதுகுள்ள மெல்லிய நாற்காலியைக் கவனியுங்கள். அதன் மூலம் ஆஸ்திரியாவின் தோனெட் நிறுவனம் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி. நீராவியில் வேகவைத்து வளைத்த பீச் மரம். மொத்தம் ஆறே மரத்துண்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலிகள் அடங்கும். உலகம் முழுவதும் கப்பலில் போனதற்கு அதுவே காரணம். இருக்கையின் உள்விளிம்பில் முத்திரையோ, காகித ஒட்டுச்சீட்டின் மிச்சமோ இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

நம் பக்கத்திலேயே இன்னொரு பெரிய பெயர் உண்டு. மரத்தின் இயற்கை விளிம்பை அப்படியே விட்டு மேசை செய்து புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா, 1930களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். சுந்தரானந்தா என்ற பெயர் அவருக்கு அங்கேதான் சூட்டப்பட்டது. 1964-இல் மீண்டும் இந்தியா வந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மரச்சாமான்களை வடிவமைத்தார். அந்த நிறுவனம் 1961-இல் தோன்றியதற்கே, சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958-இல் இந்திய அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கைதான் வித்து. நம் வீட்டுச் சொம்பை வடிவமைப்பின் உச்சமாக அவர்கள் அந்த அறிக்கையில் விவரித்தார்கள்.

சண்டிகர் நாற்காலிக்கு ஏன் இவ்வளவு விலை?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. விரிவாகவே சொல்கிறேன்.

கட்டடக் கலைஞர் லே கொர்புசியே சண்டிகர் நகரை வடிவமைக்க ஒப்புக்கொண்டபோது, அங்கேயே தங்கி வேலை பார்த்தவர் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே. 1951 முதல் 1965 வரை அங்கே இருந்தார். புதிய நகரத்தின் அலுவலகம், கல்லூரி, நூலகம், நீதிமன்றம் அத்தனைக்கும் நாற்காலி மேசை வேண்டும், பணமோ குறைவு. தேக்கு, சீஷம் மரம், பிரம்பு இவற்றைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யக்கூடிய எளிய உருவங்களை அவரும் உடனிருந்த இந்தியக் கலைஞர்களும் உருவாக்கினார்கள். யூலி சௌத்ரியின் பங்கு அதில் பெரியது. ஏலப் பட்டியல்களில் அவர் பெயர் போதிய அளவு வராதது எனக்கு இன்றுவரை வருத்தம். அந்த நாற்காலியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கவராயத்தை விரித்துவைத்தது போல் கால் இருக்கும். ஜான்னரே 1967-இல் காலமானார். அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்தி சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது.

பிறகு நடந்ததுதான் வேதனை. கால் ஆடியவை, பிரம்பு அறுந்தவை மொட்டை மாடிகளில் வெயிலிலும் மழையிலும் குவிந்தன. கழிவுப் பொருள் ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போயின. அவற்றை வாங்கிய ஐரோப்பிய வணிகர்கள் சீர்செய்து, பாரிசிலும் நியூயார்க்கிலும் ஏலத்தில் வைத்தார்கள். விலை லட்சங்களைத் தொட்ட பிறகுதான் நமக்கு விழிப்பு வந்தது. 2011-இல் உள்துறை அமைச்சகம் அந்தப் பாரம்பரியச் சாமான்களின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது.

அந்த நாற்காலிகளில் பலவற்றின் முதுகிலோ அடியிலோ எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்று தூரிகையால் எழுதிய எழுத்தும் எண்ணும் உண்டு. இருப்புக் கணக்குக்காக ஒரு கடைநிலை ஊழியர் போட்ட குறி அது. இன்று நாற்காலியின் பிறப்புச் சான்றிதழே அதுதான். குறி தெளிவாக இருப்பதற்கும் இல்லாததற்கும் ஏலத்தில் விலை வேறு.

இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். சேர்க்கத் தொடங்கிய புதிதில், ஒரு கல்லூரி வேண்டாமென்று ஒதுக்கிய நாற்காலி ஒன்று எனக்கு வந்தது. அடிச்சட்டத்தில் மங்கலாக ஏதோ எழுத்து. ஆசாரி உப்புத்தாளைக் கையில் எடுத்தார். "அம்மா, அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? மொத்தமாக இழைத்துவிட்டால் சுத்தமாக இருக்கும்" என்றார். நானும் தலையசைத்தேன். பத்து நிமிடத்தில் மரம் பளிச்சென்று ஆனது. அந்த எழுத்து என்னவென்று இனி யாராலும் படிக்க முடியாது. அந்த நாற்காலி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது எந்த ஊரில் யாருக்காகச் செய்யப்பட்டது என்பதை என்னால் சொல்ல இயலவில்லை.

கண்ணாடியில் போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

அடியைத் திருப்பிப் பாருங்கள். ஊதிய கண்ணாடியை முடிக்கும் தறுவாயில் அதை ஓர் இரும்புக் கம்பியில் ஒட்டிப் பிடிப்பார்கள். பிறகு தட்டிப் பிரிக்கும்போது அடியில் ஒரு வடு மிஞ்சும். சிலர் அதை அப்படியே விடுவார்கள், சிலர் அரைத்து மெருகிடுவார்கள். அச்சில் அழுத்திய மலிவுப் பொருளில் வடு இருக்காது. பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு தெரியும். பல ஆண்டுகள் அலமாரியில் இருந்த பொருளின் அடியில் கீறல்கள் நாலா திசையிலும் ஓடும், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும் இருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழமை காட்டியிருந்தால் கீறல்கள் ஒரே திசையில் போகும்.

கையொப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள். வெனினியின் பழைய பொருள்களில் அமிலத்தால் பதித்த சிறு முத்திரையும், பிற்காலத்தவற்றில் ஊசியால் கீறிய எழுத்தும் இருக்கும். பின்லாந்தின் தாபியோ விர்க்கலா, திமோ சர்பனேவா ஆகியோரின் பொருள்களில் பெயரைக் கீறியிருப்பார்கள். நூறு ரூபாய்க் கருவி இருந்தால் இந்தப் பெயரை எவரும் எதிலும் கீறலாம். எனக்கு அது நடந்தது. பெருநகர வணிகர் ஒருவர் அனுப்பிய படத்தில் வெனினி என்ற எழுத்து அழகாகத் தெரிந்தது. மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். பெட்டியைப் பிரித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் புரிந்தது. தேய்ந்த கீறல்களின் மேல் அந்த எழுத்து ஓடியது; அதன் பள்ளத்தில் ஒரு தூசுகூட இல்லை. பொருள் பழையதுதான், சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்யப்பட்ட சாதாரணச் சாடி. பெயர் மட்டும் புதிது. பணம் திரும்பவில்லை. அன்றிலிருந்து எழுத்தைப் பார்க்கும் முன் எடையை, சுவரின் தடிமனை, நிறம் நிறத்தோடு சேரும் இடத்தைப் பார்க்கிறேன்.

புற ஊதா ஒளி தரும் சிறு டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டறையில் அடித்தால், ஒட்டிய இடத்தில் பசை பெரும்பாலும் தனியாக ஒளிரும். யுரேனியம் கலந்த பழைய கண்ணாடி பச்சையாக ஒளிரும். முதன்முறை பார்ப்பவர்கள் இன்னொரு முறை அணைத்துப் போடச் சொல்வார்கள்.

மரச்சாமானில்?

சண்டிகர் பாணி நாற்காலிகளைப் பழையது போலவே செய்து, குறியும் எழுதி விற்கிறார்கள். பழைய மரம் இருட்டான மூலைகளிலும், திருகாணிக்கு அடியிலும், பிரம்பு கட்டிய துளைகளின் உட்புறத்திலும் பழையதாகவே இருக்க வேண்டும். மேலே கறுத்து, துளைக்குள் வெளுத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மறுபதிப்பு என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது வேறு. இத்தாலியின் கசீனா நிறுவனமும் பெங்களூரின் ஃபாண்டம் ஹேண்ட்ஸ் நிறுவனமும் அப்படி நேர்மையாகச் செய்கின்றன. உட்கார நல்ல நாற்காலிதான் வேண்டும் என்றால் அதையே வாங்கலாம்.

ஏலம் எப்படி நடக்கிறது? நமக்குத் தெரிந்த ஏலம் போன்றதுதானா?

சேலத்துக்காரர்களுக்கு ஏலம் புதிதில்லை. ஏலச்சீட்டில் தள்ளுபடி கேட்டுக் கையைத் தூக்குகிறோம். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் ஜவ்வரிசிக்கு வணிகர்கள் மறைவாக விலை குறிக்கிறார்கள். கலைப்பொருள் ஏலம் வெளிப்படையானது. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், பட்டியலில் படம், இவ்வளவிலிருந்து இவ்வளவு போகலாம் என்ற மதிப்பீடு. நேரிலும் தொலைபேசியிலும் இணையத்திலும் விலை ஏறிக்கொண்டே போகும். கடைசியாகக் கேட்டவருக்குச் சுத்தியல் விழும். இந்தியாவில் சாஃப்ரன் ஆர்ட், அஸ்டாகுரு போன்ற நிறுவனங்கள் இணையவழியாக நடத்துகின்றன. அதனால் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்தபடியே கலந்துகொள்ளலாம்.

புதியவர்கள் தவறும் இடம், சுத்தியல் விழுந்த விலையே தாங்கள் கொடுக்கும் விலை என்று நினைப்பது. அதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு. ஐந்தில் ஒரு பங்கோ, கால் பங்கோகூட இருக்கும். வரி தனி, லாரி வாடகை தனி. விற்பவரும் கழிவு கொடுக்க வேண்டியிருக்கும்.

ஓர் உண்மைக் கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு பெண் பழைய சாமான் கடையில் 3.99 டாலருக்கு ஒரு சாடி வாங்கினார். தூரிகையால் வண்ணம் இழுத்தது போன்ற சுழல் கோடுகள் கொண்ட அது, வெனினிக்காகக் கார்லோ ஸ்கார்பா 1940களில் வடிவமைத்தது என்று பிறகு தெரிந்தது. 2023 டிசம்பரில் ரைட் ஏல நிறுவனத்தில் அது 1,07,100 டாலருக்குப் போனது. விற்றவர் கைக்கு வந்தது ஏறத்தாழ 83,500 டாலர். மீதி ஏல நிறுவனத்துக்கு. சாடியில் ஒரு சின்னச் சில்லுகூடப் பெயர்ந்திருக்கவில்லை; அவ்வளவு விலைக்கு அதுவும் ஒரு காரணம்.

எனவே போகும் முன்பே ஒரு தாளில் உச்ச விலையை எழுதுங்கள். கட்டணம், வரி, போக்குவரத்து எல்லாம் கூட்டி எழுதுங்கள். ஏலத்தின் சூட்டில் அந்தத் தாள் ஒன்றுதான் துணை.

குறைந்தபட்ச விலை என்கிறார்களே?

விற்பவர் இதற்குக் கீழே தரமாட்டேன் என்று ஏல நிறுவனத்திடம் சொல்லிவைக்கும் விலை. வெளியில் சொல்ல மாட்டார்கள். அதைத் தொடாவிட்டால் பொருள் விற்காமல் திரும்பும். ஆசையில் உயர்த்தி வைக்காதீர்கள். ஒருமுறை விற்காமல் திரும்பிய பொருளை மறுமுறை வாங்குகிறவர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள்.

உடைந்ததை ஒட்டலாமா? பாலிஷ் போடலாமா?

கண்ணாடி விளிம்பில் சில்லு போயிருந்தால் அரைத்துச் சமன் செய்து தருவார்கள். செய்யாதீர்கள். உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் கலைஞர் வைத்த விளிம்பு போய்விடும். தெரிந்தவர்கள் விரல் வைத்ததும் கண்டுபிடிப்பார்கள்.

உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் அது இரண்டில் ஒன்று. நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு என்றால், நீர்த்த எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்தால் கரையும். கரையவில்லை என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்திருக்கிறது, அது போகாது. கலவையில் காரம் மிகுந்து சுண்ணாம்பு குறைந்த கண்ணாடிக்கு ஈரத்தில் இப்படி நோய் வரும். மென்மையாகவும் பிசுபிசுப்பாகவும் ஆகி, நாளடைவில் நுண்ணிய வெடிப்பு விடும். பூச்சாடிதானே என்று தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பதை நான் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின.

மரத்தில் பழைய மெருகை உரிக்கவே வேண்டாம். மெல்லிய துணி, கொஞ்சம் தேன்மெழுகு போதும். உளு இருந்தால் மட்டும் உடனே ஆளைக் கூப்பிடுங்கள். பிரம்பு அறுந்திருந்தால் மாற்றலாம், அது தேய்வதற்கென்றே உள்ள பகுதி. ஆனால் பழைய பின்னலைப் படம் எடுத்து, ஒரு துண்டையும் உறையில் போட்டு வையுங்கள். அரசு அலுவலகங்களில் நாற்காலிப் பிரம்பு பின்னும் வேலையைப் பார்வையற்றவர்கள் பலர் செய்துவந்தார்கள். விரலாலேயே துளையை எண்ணி, இழுவையைச் சமன் செய்யும் அந்தக் கைத்திறன் அருகிவருகிறது. அப்படிப்பட்ட ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால் கேட்ட கூலியைக் கொடுங்கள்.

ஏற்காட்டிலிருந்து கீழே கொண்டுவரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு விஷயம். ஒன்று சாலை, இன்னொன்று காற்று.

சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் மாம்பழத்தை வைக்கோலில் அடுக்கி நாடு முழுவதும் அனுப்புகிறவர்கள் நாம். அந்த அறிவு இதற்கும் உதவும். பொருள் பெட்டிக்குள் அசையக் கூடாது, பெட்டிச் சுவரையும் தொடக் கூடாது. குமிழ் உறையில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை மெத்தென்ற அடைப்போடு இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். சாடிக்குள் காகிதத்தைத் திணிக்காதீர்கள். உள்ளிருந்து அழுத்தும் அழுத்தமே கழுத்தை விரிசல் விடச் செய்யும். காரின் தரையில், முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் வைப்பதே நல்லது. நாற்காலியைக் கைப்பிடியில் பிடித்துத் தூக்காதீர்கள், இருக்கைச் சட்டத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

காற்றுதான் பலர் நினைத்துப் பார்க்காதது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் மேகத்துக்குள் நிற்கிற ஊர். அங்கே நூறாண்டு ஈரத்தில் பழகிய மரத்தை, ஏப்ரல் மாதத்தில் 30 கிலோமீட்டர் கீழே இறக்கி ஏ.சி. அறையில் வைத்தால் சுருங்கும். பலகை நடுவில் பிளக்கும், பொருத்துகள் தளரும். ஒரு முறை இரவில் பட்டாசு வெடித்தது போல் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். மேசைப் பலகை நெடுக விரிந்திருந்தது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது இறக்குங்கள். முதல் மாதம் பழைய போர்வையால் மூடி, காற்றோட்டமுள்ள, வெயில் படாத அறையில் வையுங்கள். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தடித்த உருண்டைக் கண்ணாடியை வெயில் விழும் சன்னலில் வைக்காதீர்கள். அது பூதக்கண்ணாடியாக வேலை செய்து திரைச்சீலையில் தீ வைக்கும்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கு அனுப்பலாமா?

நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் என்றால் முடியாது. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி அதைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. மலை பங்களாக்களில் உள்ள பழைய சாமான்கள் பல இந்த வரம்புக்குள் வரும். நூறு ஆண்டு ஆகாததுதான் என்றால், தொல்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொள்ளுங்கள். ஈட்டி மரம் என்றால் இன்னொரு வேலி உண்டு. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் அது இருக்கிறது. எல்லை தாண்ட அனுமதி தேவைப்படும். தேக்குக்கு அது இல்லை.

விற்றால் வருமான வரி உண்டா?

சொந்த உபயோகத்தில் உள்ள மரச்சாமானை வருமான வரிச் சட்டம் மூலதனச் சொத்தாகக் கருதுவதில்லை. ஓவியம், சிற்பம், கலைப்படைப்பு என்றால் கருதும். ஒரு கண்ணாடிச் சிற்பம் எந்தப் பக்கம் விழும் என்பதை விற்கும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள். வாங்கிய ரசீது இல்லாமல் போனால் கணக்கு சிக்கலாகும்.

இது நல்ல முதலீடா?

முதலீடு என்ற எண்ணத்தோடு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். 2009-இல் பாரிசில் ஐலீன் கிரே வடிவமைத்த நாற்காலி ஒன்று 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது உண்மை. அந்த ஒன்றைப் பற்றிச் செய்தி வரும். மதிப்பீட்டைத் தொடாமல் திரும்பிய நூற்றுக்கணக்கானவற்றைப் பற்றி வராது. கட்டணங்களைக் கழித்தால் ஐந்தாறு ஆண்டுகளில் போட்ட பணம் வந்தாலே பெரிது. பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் வேண்டும் என்றால் வங்கியில் போடுங்கள். காலையில் சன்னல் வெளிச்சம் ஒரு நீலச் சாடிக்குள் நுழைந்து சுவரில் விழுவதைப் பார்க்க வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு நல்ல பொருளிலிருந்து. பத்தாயிரம் ரூபாய்க்குப் பத்துச் சாடி வாங்காமல், அந்தப் பணத்துக்குள் முழுமையான ஒன்றை வாங்குங்கள். அதற்கு முன் ஆறு மாதம் ஏலப் பட்டியல்களைப் படியுங்கள். மதிப்பீட்டை மறைத்துவிட்டு நீங்களே ஒரு விலை எழுதி, முடிவு வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். செலவில்லாத பள்ளிக்கூடம் அது. கையில் எடுத்துப் பார்க்க முடிந்த பொருளை மட்டும் வாங்குங்கள்.

பங்களாவைக் காலி செய்கிறோம். முதலில் என்ன செய்ய வேண்டும்?

லாரியைக் கூப்பிடாதீர்கள். எதையும் நகர்த்தும் முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுங்கள். எந்த நாற்காலி எந்த மூலையில் இருந்தது என்பது தெரிய வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தையும், இழுப்பறையின் பின்பலகையையும் படம் எடுங்கள். தேய்ந்த எழுத்து, சீட்டு, சாக்குக்கட்டி எண், எதுவாக இருந்தாலும் துடைக்க வேண்டாம்.

பீரோவின் அடித்தட்டில் பழைய ரசீதுகள், தோட்டக் கணக்குப் புத்தகம், கப்பல் சீட்டு, குடும்பப் படங்கள் இருக்கும். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறவர்களைப் பார்த்து நெஞ்சு பதைத்திருக்கிறேன். தாத்தா அந்தச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று இருந்தால், தேதியோடு, அதுவே நாற்காலியின் பூர்வீகப் பத்திரம்.

அதற்குப் பின் வீட்டில் மூத்தவரிடம் உட்காருங்கள். பெரும்பாலும் ஒரு பாட்டியோ, நாற்பது ஆண்டு சமையல் பார்த்த அம்மாவோதான் எல்லாம் அறிந்தவர். இது எப்போது வந்தது, யார் கொடுத்தது, எந்த ஆசாரி செய்தது, எப்போது கால் ஒடிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, எழுதிய நாளையும் போட்டு, ஒவ்வொரு பொருளோடும் ஒரு நகலை உறையிலிட்டுக் கட்டிவிடுங்கள். ஒட்டுநாடா மரத்தில் படக் கூடாது, பருத்தி நூலால் கட்டுங்கள்.